வெள்ளிக்கிழமை இரவு ஹபாத் வீட்டுக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

அமெரிக்காவில் மேற்படிப்புக்கு வந்த முதல் வருடம். நவம்பர் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. ஆய்வுக்கூடத்தில் பக்கத்து மேசையில் உட்காரும் யூத நண்பன், "நாளைக்கு ராத்திரி ஹபாத்துக்குப் போகிறேன், நீயும் வாயேன்" என்றான். எங்கே, எதற்கு என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. ஒரு ஆளுக்கு மட்டும் ரசம் வைத்துத் தனியாகச் சாப்பிட்டு அலுத்திருந்த நாட்கள் அவை. சரி என்றேன். படிப்பு முடியும்வரை, ஐந்து வருடம், அந்த வீட்டுக்குப் போய்வந்தேன்.

இப்போது ஒவ்வொரு ஆகஸ்டிலும் புதிதாக வரும் தமிழ்ப் பிள்ளைகள் அதே கேள்விகளோடு என்னிடம் வருகிறார்கள். என்ன உடுத்துவது, என்ன வாங்கிப் போவது, சைவம் கிடைக்குமா, மதம் மாறச் சொல்வார்களா? தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே சேர்த்து எழுதுகிறேன். ஹபாத் வீடு என்பது யூத மாணவர்களுக்காக ஒரு யூத மதகுருவின் குடும்பம் திறந்துவைத்திருக்கும் இடம். பெயர்ப்பலகையில் மையம் என்று இருக்கும். ஆனால் மாடியில் குழந்தைகள் தூங்கும் வீடு அது. நீங்கள் ஒரு குடும்பத்தின் வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறீர்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதி விஷயங்கள் தானாகவே புரிந்துவிடும்.

1. யாருடைய வீடு என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஹபாத் வேறு, ஷபாத் வேறு. புதிதாக வருகிற எல்லாரும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஷபாத் என்பது வெள்ளிக்கிழமை சூரியன் மறையும் முன் தொடங்கி, சனிக்கிழமை இரவு நட்சத்திரங்கள் தெரியும்வரை நீளும் ஓய்வுநாள். ஹபாத் என்பது யூதர்களுக்குள் இருக்கும் ஓர் இயக்கம். ஞானம், புரிதல், அறிவு என்று பொருள்படும் மூன்று எபிரேயச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அந்தப் பெயர் வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்கு ஐரோப்பாவில் ஷ்னேயர் ஸல்மான் என்ற குரு தொடங்கிய மரபு. பின்னாளில் லுபாவிச் என்ற சிற்றூரில் வேரூன்றியதால் ஹபாத்-லுபாவிச் என்றும் சொல்வார்கள். இவர்களுடைய ஆறாவது குரு 1940ல் நாஜிகளின் பிடியிலிருந்து தப்பி நியூயார்க் வந்து சேர்ந்தார். புரூக்ளினில் ஈஸ்டர்ன் பார்க்வே 770ஆம் எண் வீடு அந்த ஆண்டுமுதல் தலைமையிடம்.

1951ல் தலைமை ஏற்ற ஏழாவது குரு மெனாஹெம் மெண்டல் ஷ்னேயர்சன்தான் இன்று நாம் பார்க்கும் வீடுகளுக்குக் காரணம். இளம் கணவன் மனைவியை ஓர் ஊருக்கு அனுப்புவார். அவர்கள் அங்கேயே குடியேறி, பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, அக்கம்பக்கத்து யூதர்களுக்குத் தங்கள் வீட்டைத் திறந்துவைப்பார்கள். மாணவர்களுக்கான முதல் ஹபாத் வீடு 1969ல் லாஸ் ஏஞ்சலிஸில், யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் தொடங்கியது. குரு 1994ல் காலமானார். அவருக்குப் பிறகு யாரையும் குருவாக ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனாலும் இளம் ஜோடிகள் கிளம்பிப் போவது நிற்கவே இல்லை.

இரண்டு விஷயங்களை நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். ஒன்று, இது பெரும்பாலும் ஆயுள் முழுவதற்குமான பொறுப்பு. மூன்று வருடத்தில் மாற்றலாகிப் போகும் வேலை அல்ல. இரண்டு, அன்றாடச் செலவுக்குத் தலைமையிடத்திலிருந்து பணம் வந்துகொண்டே இருக்காது. அந்த ஜோடிதான் பழைய மாணவர்களிடமும் பெற்றோர்களிடமும் ஊர்க்காரர்களிடமும் நன்கொடை திரட்ட வேண்டும். நீங்கள் சாப்பிடும் அந்தக் கோழி சூப்புக்குப் பின்னால் ஒரு வாரம் முழுக்கப் பேசிய தொலைபேசி அழைப்புகள் இருக்கலாம்.

மதகுருவான கணவரை 'ராபை' என்று அழைப்பார்கள். தமிழ் விவிலியத்தில் 'ரபீ' என்று வரும் அதே சொல். மனைவியை 'ரெபெட்ஸின்' என்பது மரபு. ஆனால் மாணவர்கள் பலரும் அவரைப் பெயர் சொல்லியே அழைப்பார்கள். அக்கா, அம்மா என்று அழைத்துப் பழகிய நமக்கு அது வாயில் வராது. தயங்காமல் 'எப்படிக் கூப்பிடட்டும்?' என்று கேட்டுவிடுங்கள். அவரை ராபையின் மனைவி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இந்த இயக்கம் அனுப்புவது இருவரையும். சமைப்பது, பாடம் எடுப்பது, பணம் திரட்டுவது, அழுதுகொண்டு வரும் மாணவியோடு நள்ளிரவுவரை உட்கார்ந்திருப்பது என்று அந்த வீட்டின் பாதி பாரம் அவர் தோளில்தான் இருக்கிறது.

வளாகத்தில் ஹில்லெல் என்ற இன்னொரு யூத மாணவர் அமைப்பும் இருக்கும். அது 1923ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அதற்கு அலுவலகம், ஊழியர்கள், நிகழ்ச்சி அட்டவணை எல்லாம் உண்டு. அதுவும் நல்ல இடமே. ஆனால் அங்கே போவது ஒரு நிறுவனத்துக்குப் போவது போல. ஹபாத்தில் உங்கள் தட்டை எடுத்துவைப்பது ஏழு வயதுப் பெண்ணாக இருக்கும்.

நம்மில் பலர் இந்தப் பெயரை முதலில் கேட்டது 2008 நவம்பரில். மும்பை கொலாபாவில் நரிமன் ஹவுஸ் என்ற கட்டடத்தில் இருந்த ஹபாத் வீட்டில், அதை நடத்திவந்த கவ்ரியேல், ரிவ்கா ஹோல்ட்ஸ்பர்க் தம்பதியைப் பயங்கரவாதிகள் கொன்றார்கள். அவர்களுடைய இரண்டு வயது மகன் மோஷேயைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தவர், அந்த வீட்டில் வேலை பார்த்த சாண்ட்ரா சாமுவேல் என்ற இந்தியப் பெண். அது பயணிகளுக்கும் உள்ளூர் யூதர்களுக்குமான வீடு, மாணவர்களுக்கானது அல்ல. ஆனால் வாழ்க்கைமுறை ஒன்றுதான். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு எதுவும் புரியவில்லை. பின்னாளில் இந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபோதுதான் அங்கே என்ன பறிபோயிற்று என்று புரிந்தது.

2. கேட்டுவிட்டுப் போங்கள்

இந்த வீடுகள் முதன்மையாக யூத மாணவர்களுக்காக நடப்பவை. யூத நண்பர் ஒருவர் அழைத்தால் அவரோடு போவதே சரியான வழி. அப்படியும், "என் நண்பர் யூதர் அல்ல, கூட்டிவரலாமா?" என்று அவரை முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் வரச்சொல்வார்கள். பாஸ்கா என்ற வசந்தகாலப் பண்டிகையின் விருந்து மாதிரியான சில நாட்களில் இடம் குறைவாக இருக்கலாம். வேண்டாம் என்றால் வருத்தப்பட வேண்டியதில்லை.

பெயரைப் பதிவு செய்யச் சொன்னால் செய்துவிடுங்கள். எத்தனை பேருக்குச் சமைப்பது என்று வியாழக்கிழமையே முடிவாகிவிடும். இன்னொரு காரணம் பாதுகாப்பு. 2018 அக்டோபரில் பிட்ஸ்பர்க் நகரின் யூதத் தொழுகைக்கூடம் ஒன்றில் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆறு மாதத்தில் கலிபோர்னியாவின் போவே நகரில் ஹபாத் தொழுகைக்கூடத்திலேயே துப்பாக்கிச்சூடு நடந்து ஒரு பெண்மணி இறந்தார். 2020ல் டெலவேர் பல்கலைக்கழக ஹபாத் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். வாசலில் காவலர் நிற்கலாம், மாணவர் அடையாள அட்டையைக் கேட்கலாம். உங்கள் நிறத்தைப் பார்த்துக் கேட்கிறார்கள் என்று உடனே நினைத்துக்கொள்ள வேண்டாம். பெரிய முதுகுப்பையை அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

மதம் மாறச் சொல்வார்களா என்ற கேள்விக்கு: மாட்டார்கள். யூத மதம் ஆள் சேர்ப்பதில்லை. தானாகப் போய் மாற விரும்புகிறேன் என்று சொல்பவரையே தயங்கவைத்துத்தான் அனுப்புவார்கள். வளாகத்தில் மேசை போட்டு நிற்கும்போது ராபை "நீங்கள் யூதரா?" என்று கேட்பது யூதப் பையன்களுக்கு, ஜெபத்தின்போது கையிலும் தலையிலும் அணியும் தோல்வாரைக் கட்டிவிடத்தான். "இல்லை" என்றால் சிரித்துவிட்டு நல்ல நாளாகட்டும் என்பார்.

3. சாப்பாட்டு விஷயம்

சைவம் சாப்பிடுபவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். வெள்ளி இரவுச் சாப்பாடு அசைவச் சாப்பாடு. முதலில் மீன், பிறகு கோழி சூப், பிறகு கோழியோ மாட்டிறைச்சியோ. 'பார்வே' என்ற சொல்லை அடிக்கடி கேட்பீர்கள். பாலும் இல்லை, இறைச்சியும் இல்லை என்று அதற்கு அர்த்தம். நம் கணக்கில் அது சைவம் என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். மீனும் முட்டையும் பார்வேதான். ஹல்லா ரொட்டியில் முட்டை இருக்கும். குகெல் என்ற உருளைக்கிழங்குப் பதார்த்தத்திலும் முட்டை இருக்கும். சூப்பில் மிதக்கும் மாவு உருண்டை கோழிச் சாறில் ஊறியிருக்கும்.

ஆகவே பதிவு செய்யும்போதே, "இறைச்சி, மீன், முட்டை மூன்றும் சாப்பிட மாட்டேன்" என்று பிரித்துச் சொல்லுங்கள். 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் முட்டையும் சில சமயம் மீனும் வரும். சொல்லிவிட்டால் கவலை இல்லை. கொண்டைக்கடலை ஹம்முஸ், கத்தரிக்காய், பீட்ரூட், விதவிதமான சாலட்டுகள் மேசை முழுக்க இருக்கும். கத்தரிக்காயைச் சுட்டு மசித்து எள் விழுதோடு தருவார்கள், நம் வீட்டுக் கத்தரிக்காய்த் துவையலின் உறவு போல இருக்கும். பாலும் இறைச்சியும் ஒரே வேளையில் சேரக்கூடாது என்பதால் இனிப்பில்கூடப் பால் இருக்காது. சாப்பாடு முடிந்ததும் பால் காபி கேட்காதீர்கள். இறைச்சிக்குப் பிறகு இவர்கள் ஆறு மணிநேரம் பால் தொட மாட்டார்கள்.

4. என்ன வாங்கிப் போவது

வெறுங்கையோடு போகக் கூடாது என்று நம்மை வளர்த்திருக்கிறார்கள். என் அம்மா சொல்லிக் கொடுத்தபடி, முதல் முறை நெய் விட்டு ரவா லட்டு பிடித்து ஒரு டப்பாவில் கொண்டுபோனேன். ரெபெட்ஸின் அதை இரண்டு கையாலும் வாங்கி, "உன் அம்மா சொல்லிக் கொடுத்ததா?" என்று கேட்டார். மேசையில் வைக்க முடியாத காரணத்தை அமைதியாக எடுத்துச் சொன்னார். கோஷர், அதாவது யூத உணவு விதிப்படி சாப்பிடத் தகுந்தது என்பது, பொருளை மட்டும் பொறுத்தது அல்ல. எந்தப் பாத்திரத்தில், எந்த அடுப்பில் செய்தது என்பதையும் பொறுத்தது. என் அறையில் செய்த எதுவும், தயிர்சாதமே ஆனாலும், அந்த வீட்டில் பரிமாற முடியாது. மடி சமையல் பார்த்த பாட்டி இருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

வாங்கிப் போகலாம் என்றால், கடையில் முத்திரை உடைக்காத பொட்டலமாக, கோஷர் சின்னம் உள்ளதாக வாங்குங்கள். வட்டத்துக்குள் ஆங்கில 'யு' எழுத்து இருப்பது பரவலான சின்னம். பக்கத்தில் 'டி' எழுத்து இருந்தால் பால் சேர்ந்தது, அன்றிரவு உதவாது. எனக்குத் தெரிந்த நல்ல வழி: பூங்கொத்தோ பொட்டலமோ, வெள்ளி மதியமே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். ஷபாத் தொடங்கிய பிறகு பூவைத் தண்ணீரில் வைப்பதே அவர்களுக்கு ஒரு சிக்கல்.

5. உடை, நேரம்

கல்யாண ரிசப்ஷனுக்குப் போவதுபோல வேண்டாம், ஆனால் கோயிலுக்குப் போகிற அளவுக்கு. பெண்களுக்குச் சல்வார் கமீஸ் மிகப் பொருத்தம். ஆண்கள் முழுக்கால் சட்டையும் காலர் வைத்த சட்டையும். அரைக்கால் சட்டை வேண்டாம். வாசலில் ஒரு கூடையில் கிப்பா என்ற சிறு தொப்பிகள் இருக்கும். யூதர் அல்லாதவர் கட்டாயம் போட வேண்டியதில்லை. போட்டுக்கொண்டால் மரியாதை என்றே எடுத்துக்கொள்வார்கள்.

ரெபெட்ஸின் தலையில் பார்ப்பது பெரும்பாலும் சொந்த முடி அல்ல, ஷெய்ட்டல் என்ற பொய்ச்சிகை (விக்). திருமணமான பெண் தன் முடியை மறைத்துக்கொள்ள வேண்டும் என்ற விதிக்காக. இதில் நம் பக்கத்துத் தொடர்பு ஒன்று இருக்கிறது. 2004ல், இந்தியாவிலிருந்து போகும் முடி திருப்பதியில் மொட்டையடித்துக் காணிக்கையாகக் கொடுத்தது, வேறொரு வழிபாட்டில் பயன்பட்டது, ஆகவே கூடாது என்று ஜெருசலேமின் மூத்த குரு ஒருவர் தீர்ப்புச் சொன்னார். புரூக்ளினில் பெண்கள் விலையுயர்ந்த சிகைகளைத் தெருவில் போட்டு எரித்தார்கள். சிகையைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்க வேண்டாம். பழகிய பிறகு அவர்களே சொல்வார்கள்.

நேரம் வாரத்துக்கு வாரம் மாறும். சூரிய அஸ்தமனத்துக்கு 18 நிமிடம் முன்பு விளக்கேற்றுவார்கள். நியூயார்க்கில் டிசம்பரில் அது மாலை 4.10 மணி வாக்கில், ஜூனில் இரவு 8.10 வாக்கில். விருந்து எப்போது என்பதைத் தனியாகக் கேளுங்கள். முதலில் தொழுகை நடக்கும். அதில் ஆண்களும் பெண்களும் தடுப்புக்கு இருபுறமும் தனித்தனியாக நிற்பார்கள். விருந்து மேசையில் எல்லாரும் கலந்து உட்காருவார்கள். முதல்முறை போகிறவர் விருந்துக்கு மட்டும் போனால் போதும். காரில் போனால் ஷபாத்துக்கு மரியாதையாக வீட்டு வாசலில் நிறுத்தாமல் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள்.

6. வாசலில்

அழைப்பு மணியை அழுத்தாதீர்கள். கதவைத் தட்டுங்கள், பெரும்பாலும் திறந்தே இருக்கும். ஷபாத்தில் 39 வகை வேலைகள் விலக்கு. நெருப்பு மூட்டுவது, அணைப்பது, எழுதுவது, சமைப்பது எல்லாம் அதில் அடக்கம். மின்சாரத்தைப் போடுவதையும் அணைப்பதையும் இதன் கீழேயே கொண்டுவருகிறார்கள். நிலைப்படியில் சாய்வாகப் பொருத்தியிருக்கும் சிறு குழல் மெசூசா. உள்ளே தோலில் எழுதிய மறைவசனம் இருக்கும். போகிறவர்கள் தொட்டு விரலை முத்தமிடுவார்கள். நீங்கள் செய்ய வேண்டியதில்லை.

கைபேசியை அமைதியில் போட்டுப் பைக்குள் வைத்துவிடுங்கள். வெளியே வரும்வரை எடுக்க வேண்டாம், படம் வேண்டவே வேண்டாம். "ஷபாத் ஷாலோம்" என்று சொன்னால் போதும். ராபை பெண்களுக்கும் ரெபெட்ஸின் ஆண்களுக்கும் கை கொடுக்க மாட்டார்கள். கையை நீட்டிவிட்டு இரு தரப்பும் தவிக்கும் காட்சியை ஒவ்வொரு வாரமும் பார்த்திருக்கிறேன். நமக்கு அந்தத் தவிப்பே தேவையில்லை. கைகூப்பி வணக்கம் சொல்லுங்கள். நான் அப்படிச் சொன்ன அன்று ரெபெட்ஸினின் முகம் மலர்ந்தது இன்றும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து அந்த வீட்டுப் பிள்ளைகளும் என்னைப் பார்த்தால் கைகூப்புவார்கள்.

குளியலறை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். வெளியே வரும்போது பழக்கத்தில் அணைத்துவிடாதீர்கள். இதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. அணைத்துவிட்டால் பதறி மறுபடி போட வேண்டாம். அவர்களிடம் சொல்லிவிடுங்கள். கிழிப்பதும் விலக்கு என்பதால் காகிதத்தைக்கூட முன்பே கிழித்து அடுக்கிவைத்திருப்பார்கள்.

7. மேசையில்

தேவதூதர்களை வரவேற்கும் பாட்டோடு தொடங்கும். அடுத்து, மனைவியைப் போற்றும் நீதிமொழிகள் 31ஆம் அதிகாரம். பாட்டுத் தாளில் ஆங்கில உச்சரிப்பு இருக்கும், சேர்ந்து முணுமுணுக்கலாம். பிறகு எல்லாரும் எழுந்து நிற்க, ராபை வெள்ளிக் கோப்பையில் திராட்சை மது ஏந்தி கிடுஷ் என்ற ஆசிமொழி சொல்வார். "ஆமென்" என்று எல்லாரும் சொன்ன பிறகு உட்காரலாம். 21 வயது ஆகாதவர்களுக்கும் குடிக்காதவர்களுக்கும் திராட்சைச் சாறு உண்டு.

மது பற்றி ஒரு கடினமான விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். மேசையில் இருக்கும் திராட்சை மதுப் புட்டியை நீங்கள் எடுத்து ஊற்ற வேண்டாம். யூதர் அல்லாதவர் தொட்டு ஊற்றிய மதுவை அவர்கள் குடிப்பதில்லை. முன்கூட்டியே கொதிக்கவைத்த மதுவுக்கு இந்த விதி இல்லை. பல ஹபாத் வீடுகளில் அதைத்தான் வைப்பார்கள். ஆனால் எது எது என்று உங்களுக்குத் தெரியாது. தொடாதே என்ற சொல்லுக்கு நம் ஊரில் என்ன பாரம் என்பது நமக்குத் தெரியும். எனக்கும் முதலில் உறுத்தியது. ஒரு மாதம் கழித்து ராபையிடமே கேட்டேன். பழங்காலத்தில் பிற தெய்வங்களுக்குப் படைத்த மதுவிலிருந்து விலகி நிற்க வந்த விதி என்று விளக்கினார். "நீ கேட்டது நல்லதாயிற்று, மனதில் வைத்துக்கொள்ளாதே" என்றார். ஒன்றை நான் கண்ணாலேயே பார்த்தேன். அந்த விதி திராட்சை மதுவோடும் திராட்சைச் சாற்றோடும் நின்றுவிடுகிறது. நான் தொட்ட தட்டிலிருந்து அவர் பிள்ளை ரொட்டி எடுத்துச் சாப்பிட்டது. நான் ஊற்றிக் கொடுத்த தண்ணீரை எல்லாரும் குடித்தார்கள். நான் பிறந்த ஊரில் எல்லா வீட்டிலும் இது நடந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. உங்களுக்கும் உறுத்தினால் கேளுங்கள். அந்த வீட்டில் கேள்விக்கு மதிப்பு உண்டு.

கிடுஷுக்குப் பிறகு இரண்டு கைப்பிடி வைத்த குவளையில் கை கழுவுவார்கள். வலது கையில் மும்முறை, இடது கையில் மும்முறை. கழுவியதிலிருந்து ரொட்டியை வாயில் போடும்வரை யாரும் பேச மாட்டார்கள். அறுபது பேர் உள்ள அறை திடீரென்று அமைதியாகிவிடும், யாரோ மெல்ல ராகம் இழுப்பார்கள். "என்ன ஆச்சு?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்காதீர்கள், பதில் வராது. ராபை இரண்டு ஹல்லா ரொட்டிகளை எடுத்து, ஆசி சொல்லி, அறுத்து, உப்பில் தொட்டு அனுப்புவார். பாலைவனத்தில் வெள்ளிக்கிழமைகளில் மன்னா இரட்டிப்பாக விழுந்ததை நினைத்து இரண்டு ரொட்டி.

மெதுவாகச் சாப்பிடுங்கள். நான் முதல் நாள் ஹல்லாவிலும் சாலட்டிலும் மீனிலும் வயிற்றை நிரப்பிவிட்டு, பிறகு சூப் வந்து, கோழி வந்து, குகெல் வந்தபோது திணறினேன். நாம் சாம்பார், ரசம், மோர் என்று காத்திருப்போமே, அதுபோல இங்கும் வரிசை உண்டு. இரண்டு மணிநேரம், சில நாள் மூன்று மணிநேரம்கூட ஓடும்.

இடையில் ராபை அந்த வாரத்து வேதப்பகுதியிலிருந்து ஐந்து பத்து நிமிடம் பேசுவார். பிறகு யாராவது எழுந்து சிறு கோப்பையை உயர்த்தி "லஹாயிம்" என்பார்கள், வாழ்வுக்காக என்று அர்த்தம். சில வீடுகளில் ஒவ்வொருவரும் பெயர், ஊர், இந்த வாரம் நடந்த ஒரு நல்ல விஷயம் என்று சொல்லச் சொல்வார்கள். தயாராக இருங்கள். பெரிதாக எதுவும் வேண்டாம், "அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது" என்று நான் சொன்னதற்கு மேசையே கைதட்டியது. அடுத்த வாரம் ரெபெட்ஸின் மறக்காமல் அம்மாவின் கண் எப்படி என்று கேட்டார்.

இஸ்ரேல் பற்றிய பேச்சு வரும். அந்த மேசையில் எல்லாருக்கும் ஒரே கருத்து இருக்காது. பலருக்கு அங்கே தாத்தா பாட்டி, அண்ணன் தம்பி இருப்பார்கள். முதல் வாரத்திலேயே வாதத்தில் இறங்காமல் கேளுங்கள். உங்களைக் கேட்டால் உள்ளதை அமைதியாகச் சொல்லுங்கள்.

குழந்தைகளோடு பேசுங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்வேன். ஐந்தாறு பிள்ளைகள் இருக்கும் வீடு. அவர்களுடைய வெள்ளிக்கிழமை இரவை, அப்பா அம்மாவை, ஊரார் பிள்ளைகளோடு பங்குபோட்டுக்கொள்கிறார்கள். மாணவர்கள் தங்களுக்குள்ளேயே பேசிவிட்டுக் கிளம்பினால் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்? ஒரு கதை சொல்லுங்கள். யானை பார்த்திருக்கிறாயா என்று என்னைக் கேட்ட மூன்றாவது பையனுக்கு, மதுரைக் கோயில் யானை பற்றி ஒவ்வொரு வாரமும் ஒரு கதை சொல்ல வேண்டியிருந்தது.

8. உதவி, விடைபெறுதல்

தட்டுகளை எடுத்துக் கொடுக்கலாம். ஆனால் சமையலறைக்குள் போய்த் தானாக எதையும் செய்யாதீர்கள். இறைச்சிக்கு ஒரு தொட்டி, பாலுக்கு ஒரு தொட்டி என்று பிரித்திருப்பார்கள். அடுப்பின் மேல் சூடாக இருக்கும் பாத்திரத்தைத் தொடக் கூடாது. கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

சாப்பிட்ட பிறகு நன்றி சொல்லும் நீண்ட பாட்டு உண்டு. அது முடியும்வரை உட்காருங்கள். பணம் கொடுக்காதீர்கள், பணப்பையையே எடுக்காதீர்கள். ஷபாத்தில் பணத்தைத் தொட மாட்டார்கள். ஒருவரிடம் எண் வாங்க வேண்டுமென்றால் பேனாவும் கிடையாது, கைபேசியும் கிடையாது. பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு ஞாயிறன்று தேடுங்கள்.

நன்றிச் செய்தியைச் சனி இரவு நன்றாக இருட்டிய பிறகு அனுப்புங்கள். நன்கொடை கொடுக்க விரும்பினால் வாரநாளில், எவ்வளவு சிறிதானாலும். அதைவிட அவர்களுக்கு உதவியானது வியாழன் மாலை. மாவு பிசைவதற்கும் ஐம்பது பேருக்கு வெங்காயம் உரிப்பதற்கும் கை வேண்டும். நான் அங்கேதான் ஆறு இழையில் ஹல்லா பின்னக் கற்றேன், தங்கைக்குச் சடை பின்னிய பழக்கம் கைகொடுத்தது. அவர்கள் அடுப்பில், அவர்கள் பாத்திரத்தில், அவர்கள் மேற்பார்வையில் நான் செய்த எலுமிச்சைச் சாதம் ஒரு வெள்ளிக்கிழமை மேசைக்கு வந்தது. பொட்டலத்தில் கோஷர் சின்னம் இருக்கிறதா என்று கடுகையும் பெருங்காயத்தையும் ராபை கையில் எடுத்துப் பார்த்தார். பெருங்காயத்துக்குச் சின்னம் இல்லை. அது இல்லாமலே தாளித்தேன்.

பழகிவிட்டால் பண்டிகைகளுக்கும் கூப்பிடுவார்கள். இலையுதிர் காலத்தில் சுக்கோத் வரும். முற்றத்தில் பந்தல் போட்டு, மேலே தழை வேய்ந்து, அந்தப் பண்டிகை நாட்களில் அதற்குள் சாப்பிடுவார்கள். தழையின் இடுக்கில் நட்சத்திரம் தெரிய வேண்டும். ஸ்வெட்டர் கொண்டுபோங்கள், சூப் ஆறிவிடும். பாஸ்காவின்போது எட்டு நாள் வீட்டில் ரொட்டி, மாவு எதுவும் இருக்காது. பிஸ்கட் பொட்டலத்தை மறந்தும் பையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

படிப்பு முடிந்து ஊரை விட்டுப் போகும்போது சொல்லிக்கொண்டு போங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நாம் நான்கைந்து வருடத்தில் கிளம்பிவிடுகிறோம், அவர்கள் அதே வீட்டில் இருந்து அடுத்த ஆகஸ்டில் புதிய முகங்களுக்குக் கதவு திறக்கிறார்கள். நான் விடைபெறப் போன வெள்ளிக்கிழமை மூன்றாவது பையனுக்கு எட்டு வயது. கதவுவரை வந்தான். யானைக்கு அடுத்த வாரம் என்ன ஆகும் என்று கேட்டான். குளிரில் வாசல்படியிலேயே உட்கார்ந்து, மிச்சக் கதையை முழுவதும் சொல்லி முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.